இரவல் பேர்

மேலிடத்துச் சுற்றறிக்கையைப் படித்ததும் நான் சிரித்துவிட்டேன். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதுகிற கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறதாம். அதில் கட்டுரை எழுதவும் திருத்தவும் நூலகர்களுக்குப் போடியில் இரண்டு நாள் பயிற்சி, கட்டாயம் வர வேண்டும் என்று போட்டிருந்தது. சிலமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் ஊர்ப்புற நூலகர் நான். நூலகரும் நான்தான், கூட்டிப் பெருக்குகிறவளும் நான்தான். எங்கள் கம்ப்யூட்டருக்கு உறை போட்டு வைத்திருப்பேன். ஆயுதபூஜை அன்று எடுத்துத் துடைத்துப் பொட்டு வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், இவர்கள் என்னைக் கூப்பிட்டு என்ன செய்யப்போகிறார்கள் என்று முனகிக்கொண்டே பஸ் ஏறினேன்.

பயிற்சி கொடுக்க வந்தவள் தஸ்னீம் என்ற கம்பத்துப் பெண். சின்ன வயதுதான். படிக்கிற காலத்திலிருந்தே அந்தக் களஞ்சியத்தில் சம்பளம் வாங்காமல் எழுதிக்கொண்டிருக்கிறாளாம். எனக்குப் பக்கத்து நாற்காலியில் தேவாரத்து நூலகர் ஜஹாங்கீர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெறப் போகிற வயதில் எலியைப் பிடிக்கச் சொல்கிறார்களே என்று அந்த மவுஸைப் பார்த்துப் பார்த்துப் புலம்பினார்.

"களஞ்சியம்னா எங்க வாப்பா நெல்லு கொட்டி வைப்பாக. இதுல நாங்க என்னத்தம்மா கொட்டணும்? எங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் கொட்டிரலாமா?" என்று கேட்டார்.

"அது மட்டும் கூடாது சார். உங்களுக்குத் தெரிஞ்சது வேண்டாம். அச்சுல வந்தது மட்டும்தான் வேணும்" என்றாள் தஸ்னீம்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்தக் காலைப்பொழுது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு விஷயம் எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்வதுதானே எங்கள் சோலி. அதைத்தான் இங்கே அடிக்குறிப்பு என்கிறார்கள். ஏலக்காயைப் புகைபோட்டு உலர்த்துவது பற்றிய ஒரு வரிக்கு நான் புத்தகத்தின் பேரையும் பக்க எண்ணையும் போட்டுச் சேமித்தேன். அது உலகத்துக்கே தெரியும்படி அங்கே நின்றது. ஜஹாங்கீர் அண்ணன் யானை பற்றிய பக்கத்தில் ஒரு சந்திப்பிழையைத் திருத்திவிட்டு, யானையையே விரட்டியவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், அவரவர் பகுதியைப் பற்றிய பக்கம் ஏதாவது ஒன்றை எடுத்து, பிழை இருந்தால் திருத்துங்கள் என்றாள் தஸ்னீம். நான் போடிமெட்டு மலைச்சாலை என்று தேடினேன். நாலைந்து பக்கங்கள் வந்தன. அதில் ஒன்று ஒரு ஜீப் விபத்தைப் பற்றியது. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன ஜீப் பள்ளத்தில் உருண்டதைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். வருஷத்தைப் பார்த்தேன். நான் கல்லூரி முடித்த வருஷம் அது. இறந்தவர்கள் ஒன்பது பேர் என்று போட்டு, கீழே வரிசையாகப் பேர்கள் இருந்தன. அதில் மகாராணி என்று இருந்தது. கருத்தம்மாள் என்ற பேர் இல்லை.

கருத்தம்மாள் என் அம்மா. அவள்தான் அந்த ஜீப்பில் செத்தாள். மகாராணி அத்தை உயிரோடு இருக்கிறாள். பயிற்சிக்குக் கிளம்பிய அன்று விடியற்காலையில்கூடத் தெருக்குழாயில் குடத்தை முந்தி வைத்துவிட்டு என்னோடு சண்டைக்கு வந்தாள்.

எல்லாம் ஒரு தூக்குச்சட்டியால் வந்த வினை. எங்கள் பக்கம் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஒரு விசேஷத்துக்கு இரவல் போனால் திரும்பி வர அடையாளம் வேண்டுமே. மகாராணி அத்தை எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். அம்மாவுக்குத் தோழி. இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் மலைக்குப் போய்க் காய் எடுக்கிறவர்கள். விபத்துக்கு முந்தின நாள் அத்தை கருவாட்டுக் குழம்பைத் தன் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்திருந்தாள். மறுநாள் விடியற்காலை அம்மா அதைக் கழுவி, அதிலேயே தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள்.

"அத்தை சட்டிய அத்தைகிட்டக் குடுத்துரும்மா" என்று படுத்தபடியே சொன்னேன்.

"வெறுஞ்சட்டியாவா குடுக்கிறது? சாயங்காலம் வரையில மேல இருந்து என்னத்தையாச்சும் கொண்டாந்து போட்டுக் குடுக்கிறேன். நீ எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அத்தை காய்ச்சல் கண்டு அன்று ஜீப் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியாது.

விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போன நிருபர் யாரோ, கிடந்தவர்களின் பக்கத்தில் இருந்த சாமான்களைப் பார்த்துப் பேர் எழுதிக்கொண்டிருக்கிறார். அம்மா சட்டியின் பிடியை விடவே இல்லையாம். அதில் மகாராணி என்று வெட்டியிருந்தது. பாத்திரத்தில் இருக்கிற பேர்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறவளின் பேர் என்றால், எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு அவரவர் மாமியார் பேர்தான் இருக்கும். அந்த நிருபர் கட்டாயம் இந்தப் பக்கத்து ஆளாக இருக்க மாட்டார்.

மத்தியானம் லோக்கல் டிவியில் ஜீப் உருண்ட செய்தியும் செத்தவர்களின் பேர்களும் ஓடின. ஒவ்வொரு பேராக ஓட ஓட அம்மா பேரைத்தான் தேடினேன். எல்லாம் ஓடி முடிந்தன. அம்மா பேர் வரவில்லை. அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பிழைத்துக்கொள்வாள் என்று சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். அதற்கப்புறம்தான் மகாராணி அத்தை பேர் ஓடியது மண்டையில் ஏறியது. "ஐயோ அத்தை" என்று அழுதுகொண்டே அவள் வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தது அத்தை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலையெல்லாம் கலைந்து நின்றாள்.

"ஏண்டி, எதுக்கு இப்பிடி அழுவுற?" என்றாள்.

"அத்தை, ஜீப்பு உருண்டுருச்சு. செத்தவுக பேருல உன் பேரு ஓடுது."

"எம்பேரா? நான் போகவே இல்லையேடி. எம்பேரு எப்பிடி அங்க..." என்று சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "தூக்குச்சட்டி" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா செத்துப்போனதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அத்தை உயிரோடு கதவைத் திறந்ததுதான் எனக்கு வந்த செய்தி.

அன்று சாயங்காலத்துக்குள் போலீஸும் ஆஸ்பத்திரியும் பேரைச் சரிசெய்துவிட்டார்கள். இறப்புச் சான்றிதழில் கருத்தம்மாள் என்றுதான் இருக்கிறது. மறுநாள் பேப்பர் மட்டும் பழைய பேரோடு வந்துவிட்டது. கேட்டதற்குத் திருத்தம் போடுகிறோம் என்றார்கள், போடவில்லை. பிணத்தை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற வீட்டில் யார் பேப்பர்காரன் பின்னால் அலைவது? அம்மாவின் சாமான்களோடு அந்தத் தூக்குச்சட்டியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அத்தையிடம் கொண்டுபோய் நீட்டினேன். "அத எங்கண்ணுல காட்டாத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அது எங்கள் பரணில் கிடந்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் திரையைப் பார்த்தேனோ தெரியாது. பிறகு 'தொகு' என்பதை அழுத்தி, மகாராணியை அழித்துவிட்டு, கருத்தம்மாள் என்று எழுதினேன். ஒற்று விடாமல் எழுதினேன். சேமித்தேன். என் அம்மா பேரை அச்சு எழுத்தில் அப்படிப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துபோனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் மகாராணி. எங்கேயோ இருக்கிற யாரோ ஒருவர் பழையபடி மாற்றிவிட்டு ஒரு குறிப்பும் போட்டிருந்தார். "மூலச் செய்தியில் மகாராணி என்றே உள்ளது. சான்று இன்றி மாற்ற வேண்டாம். நன்றி." நன்றி வேறு!

"ஏம்மா தஸ்னீம், எவன் இவன்? எங்காத்தா செத்ததுக்கு நான் சொல்றது பத்தாதாமா?" என்று நான் கத்தியதில் அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தஸ்னீம் ஓடிவந்தாள். முழுக்கக் கேட்டாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விதியை விடவில்லை.

"அவரு கெட்டவரு இல்லக்கா. பேப்பர்ல இருக்கிறதத்தான் அவரு பாக்க முடியும். யாரு வேணாலும் எங்கம்மா, எங்கப்பான்னு சொல்லி மாத்திட்டா அப்புறம் எத நம்புறது?"

"இறப்புச் சான்றிதழ் வீட்டுப் பீரோவுல இருக்கு. கொண்டாறேன்."

"வெளியிட்டதா இருக்கணும்க்கா. பீரோவுல இருக்கிறது வெளியிட்டது ஆகாது."

வாசகர்களிடம் நான் அளந்த அளப்பு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. வாட்ஸாப்பில் வந்ததை நம்பாதீர்கள், அச்சில் இருப்பதைப் பாருங்கள் என்று எத்தனை பேரை விரட்டியிருப்பேன். அச்சில் என் அம்மா இல்லை. வேறு பேப்பரில் சரியாக வந்திருக்குமோ என்று ஜஹாங்கீர் அண்ணன் நாலைந்து நூலகங்களுக்கு போன் போட்டார். அந்த வருஷத்துப் பேப்பரெல்லாம் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. பழைய பேப்பரை நிறுத்துப் போடச் சொல்வது விதி, யாரையும் குறைசொல்ல முடியாது. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரு நிருபரைப் பிடித்து, இப்போதாவது ஒரு வரி திருத்தம் போடக் கூடாதா என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டு வந்தவருக்கு முகமே சரியில்லை.

"என்ன சொன்னாருண்ணே?"

"விடு தாயி."

"சொல்லுங்கண்ணே."

"இத்தன வருசம் கழிச்சு இது நியூஸ் இல்லையாம். அதே ரோட்டுல மறுபடி ஏதாச்சும் நடந்தா, அதோட சேத்துப் பழசையும் ஒரு பத்தி போடலாமாம்." சொல்லிவிட்டு, "நாக்குல நரம்பில்லாத பய" என்று அவரே திட்டிக்கொண்டார்.

தஸ்னீம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஒண்ணு மட்டும் செய்யலாம். உயிரோட இருக்கிறவங்கள இறந்ததா போட்டிருந்தா அத உடனே எடுத்துரணும், அதுக்கும் விதி இருக்கு. அவங்க ஒரு வார்த்தை சொன்னா, மகாராணிங்கிற பேர நானே பேசி எடுத்துருவேன். ஆனா அந்த இடத்துல உங்கம்மா பேரப் போட முடியாது. வெறுமனேதான் இருக்கும்" என்றாள்.

சாயங்காலம் ஊருக்குப் போய் இறங்கியதும் நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். அவளும் அப்போதுதான் மலையிலிருந்து வந்து, விரலில் ஏறிய காய்க்கறையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். நிருபர் சொன்னதையும் ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன்.

முதலில் சிரித்தாள். "என்னைய இன்னுமாடி சாகடிச்சுக்கிட்டு இருக்காக? மேல சூப்பர்வைசர்கிட்டச் சொல்லணும். 'சேச்சி, பணி நோக்கு'ன்னு மலையாளத்துல வேலையப் பாக்கச் சொல்லி விரட்டுறான்ல, செத்தவள எப்பிடிடா விரட்டுவேன்னு கேக்கணும்."

"விளையாடாத அத்தை. நீ ஒரு வார்த்தை சொல்லு. உன் பேர எடுத்துருவாக."

"எடுத்தா உங்காத்தா பேரு வருமா?"

"வராது."

அவள் கை தேய்ப்பதை நிறுத்தினாள். "அப்பறம் எதுக்குடி எடுக்கிற? அது பாட்டுக்கு இருக்கட்டும். எம்பேருக்கு அங்க என்ன சோலி இருக்கு? பேரே இல்லாமக் கெடக்கிறதுக்கு, எம்பேர வச்சுக்கிட்டுக் கெடக்கட்டும் அவ. நான் குடுத்தது சட்டிய. பேரும் சேந்து போயிருச்சு. குடுத்ததத் திருப்பிக் கேக்குற பழக்கம் எனக்கில்ல."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இரவல்னா திருப்பிக் குடுக்கணும் அத்தை. புத்தகமே பதினாலு நாளுக்கு மேல குடுக்க மாட்டேன் நான். எங்காத்தா உன் பேருல சாகல. கருத்தம்மாங்கிற பேருலதான் செத்தா. அந்தப் பேரு இல்லேன்னா வெறுமனே இருக்கட்டும். அடுத்தவ பேரு அவளுக்கு வேணாம்."

அத்தை தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவினாள். பிறகு, "எடுத்துரச் சொல்லு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மறுநாள் தஸ்னீம் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே அதைச் செய்தாள். திருத்துகிறவர்கள் பேசிக்கொள்கிற உரையாடல் பக்கத்தில் காரணம் எழுதினாள். நேற்று மாற்றியவரே இன்று ஒப்புக்கொண்டு, வருத்தமும் தெரிவித்திருந்தார். மகாராணி என்ற பேர் போனது. மேலே ஒன்பது பேர் என்று இருக்கிறது, கீழே எட்டுப் பேர்தான். ஒன்பதாவது இடத்தில் 'ஒரு பெண்' என்று மட்டும் போட்டு, அதன் தலைமாட்டில் சின்ன எழுத்தில் 'சான்று தேவை' என்று வந்து நின்றது. அந்தக் களஞ்சியத்தில் எந்த வரிக்கு ஆதாரம் இல்லையோ அதற்கு அப்படித்தான் போடுவார்களாம்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு சொல்லையும் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் மத்தியில் வாய்விட்டு அழுதேன். வெட்கமாகக்கூட இல்லை. மாடு மேய்த்து, மலை ஏறி, காய் பொறுக்கி என்னைப் படிக்க வைத்தவள் அவள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்னால் அவளுக்கு ஒரு பேர் போட முடியவில்லை. ஜஹாங்கீர் அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் கொடுத்த பயிற்சிச் சான்றிதழில் என் பேர் முத்துபிரியா என்று ஒற்று இல்லாமல் இருந்தது. நான் திருத்தச் சொல்லவில்லை.

பேரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, சட்டியை மட்டும் எதற்கு வைத்திருப்பது? ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அதை இறக்கிப் புளி போட்டு விளக்கினேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அம்மா அன்று மேலே இருந்து எதைக் கொண்டுவந்து போட நினைத்தாளோ எனக்குத் தெரியாது. நான் கருவாட்டுக் குழம்பு வைத்து, நிறைய ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். மறுபடியும் முகத்தைத் திருப்புவாள் என்றுதான் நினைத்தேன். அத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நசுங்கிய இடத்தைப் பெருவிரலால் தடவினாள். "ஒனக்கு உப்புப் பத்தாது எப்பவும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் விடியற்காலை பால் வாங்கப் போனேன். ஜீப் வருகிற முக்கில் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு நின்றார்கள். அத்தையின் கையில் அந்தத் தூக்குச்சட்டி. லைட்டு வெளிச்சத்தில் அதில் ஏதோ புதிதாகப் பளிச்சென்று தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மகாராணி என்ற பழைய எழுத்துக்குக் கீழே கருத்தம்மாள் என்று வெட்டியிருந்தது.

"அத்தை, என்ன இது?"

"போடிக்குப் போனப்ப பாத்திரக்கடையில வெட்டச் சொன்னேன். கீழ எடம் கெடந்துச்சுல்ல."

"எதுக்கு அத்தை?"

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. குழம்புக்கு எத்தனை மிளகாய் போட வேண்டும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"அந்தப் பேப்பர்க்காரன் சொன்னானாமே, மறுபடி ஏதாச்சும் நடந்தாத்தான் பழசப் போடுவேன்னு. நான் தெனமும் இந்த ரோட்டுலதான போறேன். அப்பிடி ஒண்ணு நடந்தா, சட்டிய எடுத்துப் பாக்குறவன் ரெண்டு பேரையும் சேத்து எழுதிக்கிட்டுப் போகட்டும். பேப்பர்ல வந்துரும். அப்ப உங்காத்தாளுக்குச் சான்று கெடச்சிரும்ல?"

"வாயக் கழுவு அத்தை" என்றேன். ஜீப் வந்து நின்றது. ஏற்கெனவே ஆள் நிறைந்திருந்த வண்டியில் அத்தையும் நெருக்கிக்கொண்டு ஏறினாள். சட்டியை மடியில் வைத்துப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வெரசா வந்துரு அத்தை" என்று கத்தினேன். ஜீப் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ. அன்று நான் நூலகத்தைத் திறக்கவில்லை. டிவியையும் போடவில்லை. சாயங்காலம் ஜீப் திரும்பி வருகிறவரை அந்த முக்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.